ஒற்றை ஏப்ரனா, இரண்டு துண்டா: எடை எங்கே உட்காருகிறது?

கேத் லேப்பில் (எக்ஸ்ரேயில் பார்த்தபடி இதய ரத்தக்குழாய்களுக்குச் சிகிச்சை செய்யும் அறையில்) பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நின்று வேலை பார்க்கும் டெக்னாலஜிஸ்ட் என்ற முறையில், முன்பக்கத்தை மட்டும் மறைக்கும் ஒற்றை லெட் ஏப்ரனையும் (எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் ஈய மேலங்கி), வெஸ்ட், ஸ்கர்ட் என இரண்டாகப் பிரிந்து உடலைச் சுற்றி வரும் ஏப்ரனையும் நான் நீண்ட காலம் அணிந்திருக்கிறேன். என் தேர்வு இரண்டு துண்டுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதிலும் ஒருமுறை தவறான அளவில் மாட்டிக்கொண்டு, பிறகே சரியானதை அடைந்தேன் என்பதால், எதை வாங்குவது என்பதைவிட எந்த அளவில் வாங்குவது என்பதைப் பற்றியே இங்கே அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

ஒற்றை ஏப்ரனின் நன்மைகள் அனைவரும் அறிந்தவை. சில நொடிகளில் மாட்டிக்கொள்ளலாம், விலை குறைவு, ஒரே ஏப்ரனைப் பலரும் மாறி மாறி அணியலாம். வார்டுக்கு எக்ஸ்ரே கருவியைத் தள்ளிக்கொண்டு போய் ஓரிரு படம் எடுத்துத் திரும்புபவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. குறையும் வெளிப்படையானது: முதுகு திறந்திருக்கிறது. ஃப்ளோரோஸ்கோபி (தொடர்ந்து ஓடும் எக்ஸ்ரே படம்) ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னால் இருக்கும் டிராலியில் வயரை எடுக்கத் திரும்பும் செவிலியருக்கும், நோயாளியின் தலைமாட்டில் மருந்துகளை நோக்கித் திரும்பி நிற்கும் மயக்க மருத்துவருக்கும், நோயாளியின் உடலில் பட்டுச் சிதறி வரும் கதிர் நேராக முதுகில் விழும்.

அடுத்தது எடை. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம். எனவே 0.5 மி.மீ. தடிமனில் ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு ஈயம் மட்டுமே ஐந்தரை கிலோவைத் தாண்டிவிடுகிறது. அதைப் பிடித்துவைக்கும் வினைலும் மேல்துணியும் தனி. ஒற்றை ஏப்ரனில் இந்த எடை முழுவதும் இரண்டு தோள்களிலிருந்து தொங்குகிறது. மேசைமீது சற்றே குனிந்து, தலையைத் திருப்பி மானிட்டரைப் பார்த்தபடி மூன்று மணி நேரம் நின்றால், கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள தசை கல்லாக இறுகிவிடும். இரண்டு துண்டைத் தராசில் வைத்தால், அது உடலைச் சுற்றி வருவதால், பெரும்பாலும் ஒற்றை ஏப்ரனைவிடக் கூடுதல் எடையையே காட்டும். ஆயினும் அதில் ஏறக்குறைய பாதி ஸ்கர்ட்டில் இருக்கிறது. ஸ்கர்ட் இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்துகொள்வதால் அந்தப் பாதி தோளுக்கு வருவதே இல்லை. மலையேறுபவர்களின் முதுகுப்பையில் இடுப்புப் பட்டை இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். ஆகவே விற்பனையாளர் மொத்த எடையை மட்டும் சொல்லி ஒப்பிட்டால், அந்த எண் அணிபவரின் வலியைப் பற்றி அதிகம் சொல்வதில்லை.

ஆனால் இந்த வாதம் முழுவதும் அளவு பொருந்தினால் மட்டுமே நிற்கும். எங்கள் பிரிவுக்கு முதன்முதலாக வந்த இரண்டு துண்டு ஏப்ரன்கள் எல்லாமே ஒரே நடுத்தர அளவில் வாங்கப்பட்டவை. யாருக்கு எது என்ற கணக்கே இல்லாமல் எடுத்து அணிந்தோம். எனக்கு ஸ்கர்ட்டின் இடுப்பு தளர்வாக இருந்தது. அது எலும்பில் நிற்காமல் வழுக்கியதால், வெல்க்ரோவை இழுத்து வயிற்றின் மேல் இறுக்கிக் கட்டி, மூச்சு முட்ட நின்றேன். வெஸ்ட்டோ மார்புக்குச் சிறிதாக இருந்தது. வலி குறையவில்லை என்பதைவிடப் பெரிய சிக்கல் அந்த வெஸ்ட்டில்தான் இருந்தது என்பதைச் சில மாதங்கள் கழித்தே உணர்ந்தேன்.

சுற்றி வரும் ஏப்ரன்கள் பலவற்றில் துணியின் ஈயச் சமானம் (அதே அளவு கதிரைத் தடுக்கும் ஈயத்தின் தடிமன்) 0.25 மி.மீ. மட்டுமே, முன்பக்கத்தில் இடப்பலகமும் வலப்பலகமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்போதுதான் 0.5 மி.மீ. கிடைக்கிறது. லேபிளில் அச்சிட்டிருக்கும் ‘முன்புறம் 0.5’ என்பது இரண்டு பலகங்களும் மார்பின் முழு அகலத்துக்கும் ஏறியிருக்கும் நிலையைக் குறிக்கிறது. என் வெஸ்ட்டில் அவை நான்கு விரல் அகலத்துக்கு மட்டுமே ஏறின. மிச்ச இடமெல்லாம் பாதித் தடிமனில்தான் இருந்தது. அளவு பெரிதாகப் போனாலும் தொல்லையே. கைத்துளை அகன்று அக்குள் பக்கம் திறந்துகொள்ளும். பக்கவாட்டிலிருந்து வரும் சிதறல் அந்த வழியாக உள்ளே நுழையும். மார்பகத்தின் மேல்வெளிப் பகுதி அங்கேதான் இருக்கிறது என்பதால், எக்ஸ்ரே குழாயின் அருகே பக்கவாட்டில் நிற்கும் பெண் ஊழியர்கள் இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டும்.

எனவே இரண்டாவது முறை வாங்கியபோது, வழக்கமாக உள்ளே அணியும் ஸ்கிரப் உடையோடு நின்று, மார்பின் சுற்றளவு, இடுப்பெலும்பின் மட்டத்தில் சுற்றளவு, தோளிலிருந்து இடுப்பு வரை, இடுப்பிலிருந்து முழங்கால் வரை என நான்கு அளவுகளையும் எடுத்துக் கொடுத்தேன். வந்த ஏப்ரனை அணிந்து, வேலை செய்யும் நிலையில் கைகளை உயர்த்தி, பக்கவாட்டிலிருந்து கைத்துளையைப் பார்க்கச் சொல்லி ஒரு சக ஊழியரைக் கேட்டேன். குனிந்தும் உட்கார்ந்தும், வெஸ்ட்டுக்கும் ஸ்கர்ட்டுக்கும் இடையில் இடைவெளி விழுகிறதா என்று பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே நீளும் ஒவ்வொரு அங்குலமும் வீண் சுமை என்பதால் ஸ்கர்ட்டின் நீளத்திலும் கறாராக இருந்தேன். முன்பெல்லாம் மாலையில் வரும் தோள்வலி இப்போது நீண்ட கேஸ் உள்ள நாட்களில் மட்டும் எட்டிப்பார்க்கிறது. இது ஒருவரின் அனுபவம்தான். ஏற்கெனவே இடுப்பு மூட்டிலோ கீழ்முதுகிலோ சிக்கல் உள்ளவருக்கு எடையை இடுப்புக்கு இறக்குவது ஒத்துவருமா என்பதை அவர் அணிந்து நின்றுதான் முடிவுசெய்ய வேண்டும்.

தடிமனைப் பற்றி ஒன்று சொல்லலாம். எக்ஸ்ரே குழாயை 70, 80 கிலோவோல்ட்டில் இயக்கி வேலை செய்யும்போது எழும் சிதறலில் 90 விழுக்காட்டுக்கு மேல் 0.25 மி.மீ. ஈயமே தடுத்துவிடுகிறது. தடிமனை இரட்டிப்பாக்கினால் எடையும் இரட்டிப்பாகிறது, ஆனால் தடுக்க மிச்சமிருப்பது அந்தச் சிறு பங்குதான். மேசையிலிருந்து தள்ளி நிற்பவருக்கு 0.25 போதும் என்றும், குழாயின் அருகிலேயே நாள் முழுவதும் நிற்பவருக்கு முன்புறம் 0.5 வேண்டும் என்றும் நான் கருதுகிறேன்.

ஈயம் இல்லாத ஏப்ரன்களில் ஆன்டிமணி, தகரம், பிஸ்மத், டங்ஸ்டன் போன்றவற்றின் கலவை இருக்கிறது. இவை எடையில் குறைவு என்பது கையில் எடுத்ததுமே தெரிகிறது. ஆனால் ஆன்டிமணியும் தகரமும் கதிரை உள்வாங்கும்போது தாங்களும் சிறிது இரண்டாம்நிலைக் கதிரை வெளியிடுகின்றன; குறுகிய கற்றையில் மட்டும் அளந்தால் அது கணக்கில் வராது. 2014-இல் வெளியான ஐஇசி 61331-1 என்ற சர்வதேசத் தரநிலையின் இரண்டாம் பதிப்பில், உணர்கருவியை ஏப்ரனுக்கு மிக அருகில் வைத்து அகன்ற நிலையில் அளக்கும் முறை சேர்க்கப்பட்டது இதற்காகத்தான். ஆகவே லேபிளில் எத்தனை கிலோவோல்ட்டில், எந்த முறையில் அளந்தார்கள் என்பது இல்லாவிட்டால், லேசாக இருக்கிறது என்பதற்காக நான் வாங்க மாட்டேன். என்னுடையது ஈயமும் பிற உலோகங்களும் கலந்த வகை. முற்றிலும் ஈயமற்றதைச் சில மாதங்களே அணிந்திருப்பதால் அதன் ஆயுளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

பராமரிப்பில் மட்டும் ஒற்றை ஏப்ரன் சற்று முந்துகிறது. இரண்டு துண்டுக்கு அகலமான ஒரு ஹேங்கரும் கிளிப் வைத்த மற்றொன்றும் வேண்டும். இடம் போதாமல் ஸ்கர்ட்டை மடித்து நாற்காலியில் போட்டால் மடிப்பில் விரிசல் விழுந்துவிடும், வெளியிலிருந்து அது தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறை ஃப்ளோரோஸ்கோபியின் கீழ் வைத்து விரிசல் பார்ப்பதும், மென்மையான சோப்பு நீரில் துடைப்பதும் இரண்டுக்கும் பொது.

ஒற்றை ஏப்ரனிலேயே அகலமான எலாஸ்டிக் இடுப்புப் பட்டை வைத்த ஒரு வகையும் கிடைக்கிறது. பட்டையை இறுக்கினால் எடையில் ஒரு பங்கு இடுப்புக்கு இறங்குகிறது. பலரும் மாறி மாறி அணிய வேண்டிய கட்டாயம் உள்ள இடத்தில், அளவு தப்பிய இரண்டு துண்டைவிட இதையே பரிந்துரைப்பேன்.

எங்கள் அறையில் இப்போது மேசையருகே நிற்பவர்கள் ஒவ்வொருவருக்கும் பெயர்ச்சீட்டோடு சொந்த இரண்டு துண்டு ஏப்ரன் தொங்குகிறது. கதவருகே உள்ள கொக்கியில் பட்டை வைத்த ஒற்றை ஏப்ரன்கள் இரண்டு, சிறிது நேரம் வந்து பார்த்துவிட்டுப் போகும் மாணவர்களுக்காக இருக்கின்றன.