முதியோர் உதவித்தொகை: இ-சேவை மையமா, திங்கள்கிழமை மனுவா?

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை கேட்க இரண்டு வாசல்கள். ஒன்று இ-சேவை மையம், இன்னொன்று கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள்.

புதிதாக விண்ணப்பிக்க இ-சேவைதான் சரி. கையில் ஒப்புகைச் சீட்டும் விண்ணப்ப எண்ணும் வந்துவிடும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் என்று மனு எந்த மேசையில் நிற்கிறது என்று பிறகு கேட்க அந்த எண் போதும். ஆனால் மையத்தில் இருப்பவர் நீங்கள் கேட்டதை மட்டும்தான் பதிவார். கால் ஊனமுள்ள ஒரு பாட்டி "முதியோர் பணம்" என்று கேட்டால் அதையே போட்டுவிடுவார். 2023-இல் முதியோர் தொகை 1,200 ரூபாயாக உயர்ந்தபோது மாற்றுத்திறனாளிகளுக்கானது 1,500 ரூபாய். மாதம் 300 ரூபாய் வித்தியாசம், மாத்திரைச் செலவுக்காவது ஆகும்!

குறைதீர்க்கும் நாளில் பல துறை அதிகாரிகளும் ஒரே இடத்தில் இருப்பார்கள். எந்தத் திட்டம் பொருந்தும் என்று அங்கேயே விசாரிக்கலாம். அலைச்சலும் வரிசையும் உண்டு, மனுவும் கடைசியில் அதே வட்டாட்சியரிடம்தான் போகும். அதனால் முதல் முறையே அங்கே போவது வீண் அலைச்சல் என்பேன். இ-சேவை விண்ணப்பம் காரணமில்லாமல் கிடப்பில் கிடந்தாலோ தவறாகத் தள்ளுபடியானாலோ போங்கள். போகும்போது அந்த ஒப்புகைச் சீட்டின் நகலை மனுவோடு இணைத்துவிடுங்கள்.