குச்சவெளிப் பக்கம் ஒரு ஏக்கரும் மாடியில்லா வீடும்

திருகோணமலை டவுனில் சின்னத் துண்டுக்குக் கேட்கிற காசுக்கு இங்கே வளவோடு வீடே வாங்கலாம் என்றார் தரகர், வாங்கிவிட்டோம். வீடு அருமை. அகலமான விறாந்தை, ஓட்டுக்கூரை, அம்மாவின் முழங்காலுக்குப் படியேற்றமே இல்லை. கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்று புழுதியை அள்ளிவந்து சோற்றுத் தட்டு வரைக்கும் போடும் நாட்களில்தான் ஓட்டின் அருமை தெரியும், சீட் கூரையென்றால் வெந்தே போயிருப்போம்.

தண்ணீர்தான் பிரச்சினை. மாரியில் கிணறு கைக்கெட்டும், வெயிலில் அடியில் கிடப்பதோ உவர், தேநீரிலேயே நாக்குக்குத் தெரியும். தரகர் எங்களைக் கூட்டிவந்தது ஜனவரியில், ஆள் விவரமானவர்! நீங்கள் ஓகஸ்டில் போய் ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.

காணி உறுதிப் பத்திரம் சுத்தம், நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்துத்தான் எழுதினார். பெர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணி, மலிவாகக் கிடைக்கும், ஆனால் பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் கைமாற்ற முடியாது, அந்தப் பக்கம் போகாதீர்கள். முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். தரகரின் கணக்கில் அது இல்லவே இல்லை.

அப்புறம் யானை. வேலியை மிதித்து வந்து தென்னங்கன்றைப் பிடுங்கிவிட்டுப் போனது, வேலிச் செலவையும் விலையோடு சேர்த்தே பேசுங்கள்.