நோட்டலும் செயின்ட் ஹெலினாவும்: தொலைக்காட்சி வந்த பிறகு பிள்ளைகள் மாறினார்களா?

வன்முறைக் காட்சிகள் பிள்ளைகளை முரடர்களாக்குகின்றனவா என்பதை அறிய, ஆய்வுக்கூடத்தில் பத்து நிமிடப் படம் காட்டிச் சோதிப்பதைவிட, தொலைக்காட்சியே இல்லாத ஊருக்கு அது வந்து சேரும்போது முன்னும் பின்னும் பார்ப்பதே நம்பத்தக்க வழி என்று கருதுகிறேன். அவ்வாறு நடந்த ஆய்வுகளுள் இரண்டு, நேர் எதிரான விடைகளைத் தந்திருக்கின்றன.

முதலாவது கனடாவில் நடந்தது. பள்ளத்தாக்கில் இருந்ததால் ஒளிபரப்பு எட்டாதிருந்த சிற்றூர் ஒன்றுக்கு 1973இல் தொலைக்காட்சி வந்தது. டானிஸ் மெக்பெத் வில்லியம்ஸ் தலைமையிலான குழு அவ்வூருக்கு ‘நோட்டல்’ என்று புனைபெயரிட்டு, ஏற்கெனவே தொலைக்காட்சி இருந்த வேறு இரண்டு ஊர்களோடு ஒப்பிட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், நோட்டல் பிள்ளைகளிடம் அடிதடியும் வசைச்சொல்லும் கூடியிருந்தன. மற்ற ஊர்களில் அத்தகைய உயர்வு தென்படவில்லை.

இரண்டாவது களம், தென் அட்லாண்டிக் கடலில் கப்பல் மட்டுமே போய்வந்த செயின்ட் ஹெலினா தீவு. அங்கே 1995இல் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. டோனி சார்ல்ட்டனும் அவருடைய குழுவினரும் பள்ளி விளையாட்டுத் திடலைக் காணொளியில் பதிவுசெய்து பல ஆண்டுகள் ஒப்பிட்டும், பிள்ளைகளின் நடத்தை கெட்டதாகக் காணவில்லை. அனைவரும் அனைவரையும் அறிந்த தீவில் பெற்றோர், ஆசிரியர், அக்கம்பக்கத்தார் ஆகியோரின் கண்காணிப்பே இதற்குக் காரணம் என்று அவர்கள் விளக்கினார்கள்.

இவ்விளக்கம் மனத்துக்கு உகந்ததுதான். ஆனால் நோட்டலும் ஒருவரையொருவர் அறிந்த சிற்றூர்தானே என்று கேட்டால் அது தடுமாறுகிறது.

ஆய்வு அமைப்பில் நோட்டலின் கை ஓங்கியிருக்கிறது. ஒப்பிடுவதற்கு வேறு ஊர்கள் அதற்கு இருந்தன. தீவுக்கு அப்படி ஒன்று இல்லை. அளக்கும் முறையில் தீவின் பதிவுகளையே நான் கூடுதலாக நம்புகிறேன். ஒரு சிறுவன் இன்னொருவனைத் தள்ளுகிறான், தள்ளப்பட்டவன் சிரித்துக்கொண்டே எழுந்து அவனைத் துரத்துகிறான் என்றால் அது சண்டையா, விளையாட்டா? நோட்டலில் செய்ததுபோல் திடலோரம் நின்று குறிப்பெடுப்பவர் அந்த நொடியிலேயே முடிவுசெய்தாக வேண்டும்; காணொளியையோ மறுபடி ஓட்டிப் பார்த்து, இருவர் தனித்தனியே மதிப்பிட்டு, முரண்பட்ட இடத்தில் நின்று யோசிக்கலாம்.

நோட்டல் முடிவில் என்னை உறுத்துவது இதைவிடப் பெரிய ஒன்று. தொலைக்காட்சி வருமுன் அவ்வூர்ப் பிள்ளைகள், பல ஆண்டுகளாக அதைப் பார்த்துவந்த மற்ற ஊர்ப் பிள்ளைகளைவிடச் சாதுவாக இருக்கவில்லை. முரட்டுத்தனத்தை வளர்ப்பது தொலைக்காட்சிதான் என்றால் அந்த வேறுபாடு தொடக்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். மேலும், தொலைக்காட்சி வருமுன்னும் இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் என இருமுறையும் கவனிக்கப்பட்டவர்கள் மூன்று ஊர்களிலும் சேர்த்து 45 பிள்ளைகள் மட்டுமே. சண்டைக்காரச் சிறுவர் நான்கைந்து பேர் ஒரே வகுப்பில் அமைந்துவிட்டாலே அந்த ஊரின் சராசரி உயர்ந்துவிடும்.