பேரல் மாற்றிய துப்பாக்கி: ஃபோர்சைட்டைப் பசை போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள்

குமரி மாவட்டத்தில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் தோட்டக்காரர்களும் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்களும் இதைப் பொறுமையாகப் படியுங்கள். கடைப் பெயரை நான் எழுதவில்லை. நம் மாவட்டத்துக்கு வெளியே இருக்கும், லைசென்ஸ் உள்ள கடைதான். லைசென்ஸ் உள்ள கடை என்ற ஒரே நம்பிக்கையில்தான் கொடுத்தோம்.

துப்பாக்கி எங்கள் பாட்டா காலத்தது. அரசு துப்பாக்கித் தொழிற்சாலையான இஷாப்பூர் ஃபேக்டரியின் .315 ரைஃபிள். போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்), பாடி எல்லாம் பட்டாளத்து லீ என்ஃபீல்டு அமைப்புதான். .303 ராணுவத் தோட்டா, பொதுமக்கள் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் 8 மி.மீ. தோட்டாவுக்குச் செய்தது இது. 1962 போருக்குப் பிறகு பட்டாளத்தில் சேர்ந்த அப்பாவின் கையில் முதலில் கொடுத்தது .303 தான். அதனால் இந்தத் துப்பாக்கி மேல் அவருக்குத் தனிப் பிரியம். கீரிப்பாறைப் பக்கத்து ஈரத்திலும் பிறகு கடற்கரை வீட்டின் உப்புக்காற்றிலும் இருந்து இருந்து, குண்டு போகும் குழாயான பேரல் உள்ளே துரு தின்று குழி குழியாகிவிட்டது. மாற்றியே ஆகவேண்டும்.

பேரலும் சட்டப்படி ஆயுதத்தின் பாகம்தான். பழுது பார்ப்பதற்கும் 1959 ஆயுதச் சட்டத்தின்படி லைசென்ஸ் வேண்டும். லேத் பட்டறையில் கொடுக்கக் கூடாது. எல்லாக் காகிதமும் முறையாக முடித்து, புதுப் பேரல் போட்டு, பழைய பேரலில் இருந்த சைட்டுகளை (குறிபார்க்க முன்னால் இருக்கும் ஃபோர்சைட்டும் பின்னால் இருக்கும் சைட்டும்) கழற்றி இதில் பொருத்தித் தரச் சொன்னோம். கூலி மட்டும் பதினெட்டாயிரம். நாலு மாதம் இழுத்தடித்துத்தான் கொடுத்தார்கள்.

புது நீலப்பூச்சு மினுமினு என்று இருந்தது. நான் அதைப் பார்த்தே மயங்கிவிட்டேன். அப்பா போல்ட்டைக் கழற்றி, காலி என்று பார்த்துவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பின்னாலிருந்து நோக்கினார்.

"மக்ளே, ஃபோர்சைட் வலத்த சாஞ்சிருக்குடே."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "பழைய ராணுவத் துப்பாக்கி எல்லாம் அப்படித்தான் அண்ணாச்சி இருக்கும். ரெண்டு ரவுண்டு போட்டா பழகிரும்" என்றார். அப்பா வாதாடவில்லை. நானும் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அங்கேயே நின்று கேட்டிருக்க வேண்டும்.

அனுமதியோடு, துப்பாக்கி சுடும் ரேஞ்சில் 50 மீட்டரில் மணல்மூட்டை மேல் வைத்துச் சுட்டோம். முதல் மூன்று குண்டும் இடதுபக்கம், கொஞ்சம் மேலே. நாலாவது இன்னும் தள்ளி. ஐந்தாவது அட்டையிலேயே இல்லை. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது என்று நினைத்து நான் ஐந்து சுட்டேன். அதே கதை.

கணக்கைச் சொல்கிறேன், கடைக்காரர்கள் "கொஞ்சம் சாய்வுதானே" என்று சொன்னால் உதவும். இந்தத் துப்பாக்கியில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே ஏறக்குறைய அரை மீட்டர் தூரம். முன்னால் 1 மி.மீ. விலகினால் 50 மீட்டரில் 10 செ.மீ. விலகும். ஃபோர்சைட்டில் நிற்கும் மெல்லிய தகடுதான் பிளேடு, அதைப் பேரலில் தாங்கும் கட்டை பிளாக். பிளேடின் நுனி பேரலின் நடுக்கோட்டிலிருந்து 25 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். பிளாக் மூன்றே டிகிரி சாய்ந்தால் நுனி 1.3 மி.மீ. விலகிவிடும். அதாவது 50 மீட்டரில் 13 செ.மீ. அதுவும் ஃபோர்சைட் வலப்பக்கம் சாய்ந்தால் குண்டு இடப்பக்கம் போகும்.

சாய்வு மட்டும் என்றால் குண்டுகள் ஒரே இடத்திலாவது விழுந்திருக்கும். எங்களுக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடம். வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தபோது பிளாக்குக்கும் பேரலுக்கும் நடுவே தேன் நிறத்தில் ஏதோ ஒரு கோடு. நகத்தால் சுரண்டினேன். செதிலாக உதிர்ந்தது. அரால்டைட் மாதிரியான பசை! குறுக்கே பின் என்ற சிறு ஆணி போகவேண்டிய ஓட்டையில் அதே பசையை அடைத்து, மேலே கறுப்பு மை தடவியிருந்தார்கள். விரலால் தள்ளினாலே பிளாக் அசைந்தது. சூடும் உதைப்பும் சேர்ந்தால் பசை எத்தனை ரவுண்டு தாங்கும்? பிளேடின் தலையில் அரம் போட்ட புதுக் கீறல்கள் வேறு. ஃபோர்சைட்டைத் தேய்த்துக் குட்டையாக்கினால் குண்டு மேலே ஏறும். ஒரு குண்டுகூடச் சுட்டுப் பார்க்காமல் எதற்காகத் தேய்த்தார்கள்? உயரமான பிளேடு போட்டு, சுட்டுப் பார்த்து, வேண்டிய அளவு மட்டும் குறைப்பதுதான் முறை. தேய்த்ததைத் திரும்ப வளர்க்க முடியாது.

போனில் கேட்டால், "நீங்க பிடிக்கிற பிடி சரியில்ல" என்றார்கள். இருபது வருடத்துக்கு மேல் பட்டாளத்தில் இருந்த மனிதரைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரே ஒரு வரி. என்ன வேலை, எந்தப் பேரல், ஒன்றும் இல்லை.

பிறகு வேறு ஒரு லைசென்ஸ் உள்ள மிஸ்திரியிடம் கொண்டுபோனோம். அவர் சைட்டைத் தொடவே இல்லை. முதலில் போல்ட்டைக் கழற்றி ஹெட்ஸ்பேஸ் கேஜ் போட்டார். பேரல் மாற்றினால் போல்ட் முகத்துக்கும் தோட்டா விளிம்பு உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி சரியா என்று பார்த்தே ஆகவேண்டுமாம். இடைவெளி கூடினால் தோட்டாக்கூடு வெடித்துச் சூடான வாயு முகத்தில் அடிக்கும். "அவங்க பாத்துத் தந்தாங்களா?" என்று கேட்டார். அப்படி ஒரு சோதனை இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு முன்னாலேயே பத்து ரவுண்டு சுட்டிருந்தோம், பாதி அப்பா கன்னத்தை வைத்துச் சுட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர் செய்த வேலை இப்படி: பேரலின் பின்முனையில் மேல்புறம் தட்டையான ஓர் இடம் இருக்கும், அது பாடியோடு ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்தார். துப்பாக்கியை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) கட்டி ரசமட்டம் வைத்தார். எதிரே தூக்குக்குண்டு தொங்கவிட்டு, அந்த நூலோடு பிளேடு ஒட்டிப் போகிறவரை பிளாக்கைத் திருப்பினார். அதன்பிறகுதான் குறுக்கே துளைத்து அந்தப் பின் ஆணியை அடித்தார். புதுப் பிளேடு. இரண்டு தடவை ரேஞ்சுக்குப் போய் வந்தபிறகு அப்பாவின் ஐந்து குண்டும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன.

முதல் கடையிலிருந்து ஒரு ரூபாய் திரும்பவில்லை. 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். நாகர்கோவிலில் மனு கொடுப்பதற்காகப் பசைச் செதிலை ஒரு கவரில் போட்டு, பில்லோடும் இரண்டாவது மிஸ்திரி எழுதிக் கொடுத்த சீட்டோடும் வைத்திருக்கிறேன்.

சமீபத்தில் எங்காவது பேரல் மாற்றியவர்கள் துப்பாக்கி காலி என்று உறுதி செய்துவிட்டு ஃபோர்சைட் பிளாக்கைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். அசைந்தால் அதில் ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள்.