ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் கீச்சுச் சத்தமா? ஓட்டிப் பார்க்காமல் டிரான்ஸ்பர் கேஸைக் கை காட்டும் பட்டறையிடம் ஜாக்கிரதை

கடலூர், புதுச்சேரி, பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பக்கம் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வைத்திருப்பவர்கள் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். வண்டிக்கு அடியில் கீச் கீச்சென்று சத்தம் வருகிறது என்று போய் நின்றால், ஒரு ரவுண்டு கூட ஓட்டிப் பார்க்காமல் "டிரான்ஸ்பர் கேஸ் போச்சு சார்" என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. டிரான்ஸ்பர் கேஸ் என்பது எஞ்சின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. புதுச்சேரி–கடலூர் சாலையில் அப்படி ஓர் இடத்தில் எனக்கு ரூ.46,800 பில் போட்டார்கள். வண்டி வெளியே வந்தபோது சத்தம் அப்படியே இருந்தது. பில்லில் எழுதிய பெரிய வேலையைச் செய்யவே இல்லை. புகார் கொடுத்திருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை.

வண்டி இறால் குட்டை வேலைக்கு ஓடுவது. நானே ஓட்டுகிறேன். தீவன மூட்டை, ஐஸ், ஏரேட்டர் மோட்டார் எல்லாம் அதில்தான் போகும். ஐப்பசி, கார்த்திகையில் கிள்ளைப் பக்கம் குட்டைக் கரை முழுக்கக் களிமண். ஃபோர் ஹெச், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் கியர், போடாமல் ஏறாது. சக்கரம் பாதி உப்புத் தண்ணீரில் இறங்கித்தான் திரும்பும்.

சத்தம் ஆரம்பித்தது மெதுவாகப் போகும்போது. பத்து, பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் சிட்டுக்குருவி கத்துவதுபோல விட்டு விட்டு, ஆனால் தாளம் தப்பாமல். வேகம் கூடினால் கீச்சுகள் நெருங்கிவரும். நாற்பதைத் தாண்டினால் ரோட்டுச் சத்தத்தில் அமுங்கிவிடும். ஃபோர் ஹெச் போட்டால் குறையும்.

இந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னதும் அந்த சூப்பர்வைசர் பிடித்துக்கொண்டார். "ஃபோர் ஹெச் போட்டா மாறுதுன்னா டிரான்ஸ்பர் கேஸ்தான் சார். உள்ள செயின் லூசு, பேரிங்கும் போயிருக்கும். இப்படியே ஓட்டினீங்கன்னா நடுரோட்டுல லாக் ஆயிடும்." வண்டியை லிஃப்ட்டில் ஏற்றவில்லை. அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எஸ்டிமேட் மட்டும் தயாராகிவிட்டது. மூட்டை ஏற்றிய வண்டி ரோட்டில் லாக் ஆகும் என்று சொன்னால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். அந்தப் பயத்தை வைத்துத்தான் வியாபாரமே நடக்கிறது.

வண்டியை எடுக்கப் போனபோது கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டேன். "ஸ்கிராப்புல போயிடுச்சு சார்" என்றார்கள். பணம் கட்டிவிட்டுக் கிளம்பினால், பெண்ணையாற்றுப் பாலம் ஏறுவதற்கு முன்பே அதே கீச்சு. திருப்பிக் கொண்டுபோனேன். "ஃபோர் வீல் வண்டின்னா கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும். ஓட ஓட செட் ஆயிடும் சார்." இந்தப் பதிலை எந்தப் பட்டறையில் கேட்டாலும் நம்பாதீர்கள். சீராக வரும் கீச்சு ஓட ஓடச் சரியாவது இல்லை. காய்ந்த பேரிங் ஓட ஓடத் தேயத்தான் செய்யும்.

கண்டுபிடித்தவர் கடலூர் முதுநகர் பக்கம் லாரிப் பட்டறை வைத்திருக்கும் ஒரு மேஸ்திரி. வயதானவர், கம்ப்யூட்டர் ஸ்கேனர் எதுவும் கிடையாது. அவர் பார்த்த விதத்தை விரிவாகவே எழுதுகிறேன். இதில் பாதியை நீங்களே வீட்டு வாசலில் செய்துவிடலாம்.

முதலில் வண்டியை நிறுத்தி வைத்து ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். சத்தம் இல்லை. நின்ற இடத்தில் கத்தினால் ஃபேன் பெல்ட், ஆல்டர்னேட்டர் பக்கம் பார்க்க வேண்டும். கிளட்சை மிதித்து விடச் சொன்னார். மாற்றம் இல்லை, அதனால் ரிலீஸ் பேரிங்கும் இல்லை. அப்புறம் காலி ரோட்டில் மெதுவாக ஓட்டி நியூட்ரலில் உருளவிட்டார். கீச்சு தொடர்ந்தது. எஞ்சின் ஐடிலில் இருக்கும்போதும் வண்டி வேகத்துக்கு ஏற்ற மாதிரி சத்தம் வந்தால், குற்றம் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்றில். பிரேக்கை லேசாக, வேகம் குறையாத அளவுக்குத் தொட்டுப் பார்த்தார். பேட் தேய்ந்து அதன் தகடு டிஸ்க்கில் உரசினாலும், டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தூசித் தகட்டில் கல் மாட்டினாலும் கீச்சிடும். பேட் விஷயமாக இருந்தால் பிரேக் தொட்டதும் சத்தம் மாறும். இங்கே மாறவில்லை. இடமும் வலமும் வளைத்து ஓட்டினார். வீல் பேரிங் போயிருந்தால் பெரும்பாலும் கீச்சு வராது, ஊ என்று முனகல் வரும், வளைக்கும்போது அது கூடும் அல்லது குறையும்.

அடுத்துச் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. முன் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். சமதளத்தில் ஒரு பையனை வண்டியை ஊர்ந்து ஓட்டச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நடந்துகொண்டே கோடு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் எத்தனை கீச்சு என்று எண்ணினார். பிரேக்கோ, டிஸ்க்கோ, ஹப்போ என்றால் ஒரு சுற்றுக்கு ஒன்று. ஒரு சுற்றுக்குள் நான்கைந்து வந்தால் அது புரொப்பல்லர் ஷாஃப்ட், அதாவது டிரான்ஸ்பர் கேஸிலிருந்து ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டு. அந்தத் தண்டு சக்கரங்களைச் சுற்றவைக்கும் இடமான டிபரன்ஷியலில் கிரவுன் பல்சக்கரம் பெரிது, பினியன் பல்சக்கரம் சிறிது. அதனால் இந்த மாதிரி வண்டிகளில் சக்கரம் ஒரு முறை சுற்றினால் ஷாஃப்ட் சுமார் நான்கு முறை சுற்றும். "நாலு விழுது தம்பி, ஷாஃப்ட்டுதான்" என்றார்.

முன் ஷாஃப்ட்டா, பின் ஷாஃப்ட்டா? முன் சக்கரத்தை ஆக்சிலிலிருந்து விடுவிக்கும் ஹப் லாக் என் வண்டியில் கிடையாது. பின் சக்கரம் மட்டும் இழுக்கும் டூ ஹெச்சில் எஞ்சின் முன் பக்கத்தைத் தள்ளாவிட்டாலும், சக்கரம் உருளும்போது முன் ஆக்சில், டிபரன்ஷியல், முன் ஷாஃப்ட் எல்லாம் பாரமில்லாமல் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். மேஸ்திரி இரண்டு முனையிலும் பெயிண்டால் அடையாளம் வைத்து, போல்ட்டைக் கழற்றி முன் ஷாஃப்ட்டைக் கீழே இறக்கிவிட்டு, டூ ஹெச்சில் ஓட்டச் சொன்னார். சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரத்துக்கு மாற்றும் பார்ட் டைம் ஃபோர் வீல் வண்டியில் மட்டும் இதைச் செய்யுங்கள். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வகை வண்டியில் ஷாஃப்ட்டைக் கழற்றினால் வண்டியே நகராமல் போகலாம். முன் பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஃபோர் ஹெச் போட்டுச் சுற்றவிட்டுப் பார்க்கவும் கூடாது. பின் சக்கரம் இழுத்து வண்டி ஜாக்கியை விட்டுப் பாய்ந்துவிடும்.

கழற்றிய ஷாஃப்ட்டில் டிரான்ஸ்பர் கேஸ் பக்கத்து யூனிவர்சல் ஜாயிண்ட்டை, அதாவது சாய்வாகவும் சுற்றவிடும் மடக்கு இணைப்பை, கையால் மடக்கினால் ஒரு பக்கம் சிக்கிச் சிக்கித் திரும்பியது. அதன் பேரிங் கப் ஓரத்தில் செம்மண் மாதிரி துருப்பொடி. உப்புத் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போய் ஊசி பேரிங்கைக் காயவைத்திருக்கிறது. பாரமில்லாமல் சுற்றும்போது கத்தும். ஃபோர் ஹெச்சில் பாரம் ஏறியதும் இறுகி உட்கார்ந்து சத்தம் அமுங்கும். அந்த சூப்பர்வைசர் டிரான்ஸ்பர் கேஸுக்கு ஆதாரமாகச் சொன்னது உண்மையில் இதன் அறிகுறி. ஜாயிண்ட்டுக்குள் போகும் புது கிராஸ், அதைப் பிடிக்கும் சர்க்ளிப் வளையம், கிரீஸ், கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. கழற்றும்போது வைத்த அடையாளத்தைப் பார்த்தே திரும்பப் பூட்டினார். இரண்டு முனையிலும் கவை மாதிரி இருக்கும் யோக் ஒரே வாகில் இல்லாவிட்டால் ஷாஃப்ட் அதிரும்.

இனிதான் என்னைக் கொதிக்க வைத்த விஷயம். அடியில் படுத்திருந்த மேஸ்திரி, "டிரான்ஸ்பர் கேஸ் பிரிச்சதா சொன்னீங்களே, எங்க பிரிச்சாங்க?" என்று கேட்டார். டிரான்ஸ்பர் கேஸின் இரண்டு பாதி சேரும் கோட்டில் கசிவைத் தடுக்கப் பூசும் புது பேஸ்ட் இல்லை. சுற்றியுள்ள போல்ட் தலைகளில் பழைய சேறு காய்ந்து ஒட்டியிருந்தது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் ஆயில் கறுப்பாக இறங்கியது. பில்லில் செயின், பேரிங் செட், புது ஆயில், பிரித்துப் பூட்டிய கூலி எல்லாம் வரிசையாக இருக்கிறது. வண்டியின் வெளிப்பக்கத்தைக் கொஞ்சம் தண்ணீர் அடித்துக் கழுவியதுதான் அவர்கள் செய்த வேலை. உழைத்துச் சம்பாதித்த காசு. தீவனக் கடைக்குக் கட்ட வைத்திருந்தது.

துடைப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் போட்டோ, வீடியோ எடுத்துக்கொண்டேன். மேஸ்திரி தான் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். இந்த இரண்டும் இல்லாமல் வெறும் வாயால் சண்டை போட்டால் ஒன்றும் நடக்காது.

எந்தப் பட்டறையாக இருந்தாலும் நான்கு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். வண்டியை விடுவதற்கு முன் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தம் வரும் வேகத்தில் ஓட்டிக் காட்டுங்கள். அந்தப் புகாரை உங்கள் வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமான் திரும்ப வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். பிரித்துப் போட்ட நிலையில் போட்டோ கேளுங்கள். இதற்கு முகம் சுளிக்கிற இடத்தில் வண்டியை விட வேண்டாம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வியாபார நோக்கத்துக்கு வாங்கிய சேவைக்குப் புகார் எடுக்க மாட்டார்கள். ஆனால் சுயதொழிலாக, தன் பிழைப்புக்காக மட்டும் என்றால் நீங்களும் நுகர்வோர்தான். "டெம்போ வச்சிருக்கிறவனுக்கு கேஸ் கிடையாது" என்று அந்தப் பட்டறையில் என்னை மிரட்டிப் பார்த்தார்கள். சொந்த வண்டியைத் தானே ஓட்டிப் பிழைப்பவர்கள் அதைக் கேட்டுப் பின்வாங்க வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. 2 வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். நான் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, பதில் வராததால் புகாரைத் தாக்கல் செய்துவிட்டேன். இன்னும் விசாரணைக்கு வரவில்லை.

அந்தச் சாலையில் சமீபத்தில் டிரான்ஸ்பர் கேஸ் வேலை பார்த்தவர்கள், வண்டியைக் கழுவுவதற்கு முன் அடியில் ஒருமுறை டார்ச் அடித்து, சேரும் கோட்டில் புது பேஸ்ட் இருக்கிறதா, போல்ட் தலையில் ஸ்பேனர் தடம் இருக்கிறதா, ஆயில் என்ன நிறம் என்று பாருங்கள். இல்லையென்றால் பில்லோடு எனக்கு எழுதுங்கள்.