சுங்கை சிப்புட்டில் சவரக்கத்தி தீட்டும் கடை

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊரான சுங்கை சிப்புட்டின் பழைய கடைவரிசையில் உள்ள முடிதிருத்தும் கடை ஒன்றில் மடக்குச் சவரக்கத்தியை ஜப்பானிய இயற்கைக் கல்லில் தீட்டித் தருகிறார்கள். கூலி 35 வெள்ளி (ரிங்கிட்). தாராளமாகக் கொடுக்கலாம்.

முதலில் 1000 எண் செயற்கைக் கல்லில் (எண் கூடக் கூடக் கல் நைசாகும்) வாய், அதாவது வெட்டும் விளிம்பு, பிடிக்கிறார்கள். பிறகு 5000, 8000. இந்தப் படிகளில் குறை வைத்தால் இயற்கைக் கல் காப்பாற்றாது. கடைசியாக வரும் அந்தக் கியோத்தோ பக்கத்து இயற்கைக் கல் வாயை மெருகேற்றுமே தவிர, இரும்பை அதிகம் தின்னாது. அந்தக் கல்மேல் சின்ன நகுரா கல்லைத் தேய்த்துக் குழம்பு எழுப்புகிறார்கள். கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரப் படிந்திருக்க, வாய் முன்செல்லத் தள்ளுகிறார்கள். கை அழுத்தம் துளியும் இல்லை. குழம்பைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் கரைத்து, கடைசி இழுப்புகளைத் தெளிந்த நீரில் முடிக்கிறார்கள். இதுதான் உண்மையான கைவேலை! குழம்பு கெட்டியாகவே இருந்தால் துகள்கள் வாயில் மோதி மழுக்கிவிடும்.

பிறகு தோல்வாரில் தேய்ப்பது, அதில் முதுகுதான் முன்னே போக வேண்டும். தொங்கும் தலைமுடி ஒன்றை வாயில் தொட்டு, நுனியிலிருந்து அடிவரை சத்தமில்லாமல் அறுகிறதா என்று பார்த்துத்தான் தருகிறார்கள்.

ஒரு குறை: முதுகில் டேப் ஒட்டலாமா என்று அவர்களாகக் கேட்பதில்லை. முதுகில் பூவேலை உள்ள கத்தி என்றால் நீங்களே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வேலைப்பாடு தேய்ந்துபோகும். ஒருமுறை டேப் ஒட்டித் தீட்டினால் கோணம் சற்றுக் கூடிவிடும்; அடுத்த முறையும் ஒட்டித்தான் தீட்ட வேண்டும்.