விவாதமா, அறிவியல் கண்காட்சியா, நாடகமா? ஒன்றில்தான் சேர முடியும் என்றால்

பருவத் தொடக்கத்தில் நிகழ்ச்சிப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய மறுநாளே மாணவர்கள் என் மேசை முன்னால் வந்து நின்றுவிடுவார்கள். "மிஸ், எதுல பேர் குடுக்கலாம்?" என்பதுதான் கேள்வி. விவாதப் போட்டி, அறிவியல் கண்காட்சி, நாடகம் மூன்றுக்கும் தயாராக வேண்டிய வாரங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும். மூன்றிலும் பெயர் கொடுத்த பிள்ளைகள் மூன்றையுமே அரைகுறையாக விட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் ஒன்றைத்தான் எடுக்கச் சொல்வேன். விளையாட்டு விழாவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஓட வேண்டும் என்று நினைக்கிற பிள்ளை யாரிடமும் யோசனை கேட்டு நிற்பதில்லை.

பரிசு எதில் எளிதாகக் கிடைக்கும் என்பது என் அளவுகோல் அல்ல. செய்த தவறைத் திருத்திக்கொள்ள எதில் அதிக வாய்ப்பு இருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

விவாதத்தில் தவறு உடனே தெரிந்துவிடும். 1988இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய உலகப் பள்ளிகள் விவாதப் போட்டியின் முறையையே பல பள்ளிகள் பின்பற்றுகின்றன. அணிக்கு மூன்று பேச்சாளர்கள், ஆளுக்கு 8 நிமிடம், முடிவில் 4 நிமிடத்துக்கு ஒரு மறுமொழிப் பேச்சு. முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் போக, நடுவில் எதிரணியினர் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கலாம். சில சுற்றுகளில் தலைப்பே ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் தெரியும். எந்தப் பக்கம் பேசுவது என்பதும் நம் கையில் இல்லை. தனக்குப் பிடிக்காத தரப்புக்காக வாதாடும்போதுதான் ஒரு பிள்ளை அந்தத் தரப்பின் நியாயத்தை முதல்முறையாகக் காது கொடுத்துக் கேட்கிறது. விவாதத்தில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

நன்றாகப் பேசுகிறவர்களுக்கு மட்டுமே விவாதம் என்று நினைப்பது தவறு. நடுவர் தரும் நூறு மதிப்பெண்ணில் பேசும் முறைக்கு 40, உள்ளடக்கத்துக்கு 40, உத்திக்கு 20. குரல் தடுமாறினாலும் எதிரணி சொன்னதைக் கவனித்து அதற்கு நேராகப் பதில் சொல்கிற பிள்ளை மேலே வரும். மனப்பாடம் செய்து மடமடவென்று ஒப்பிக்கிற பிள்ளைதான் முதல் குறுக்குக் கேள்வியிலேயே நின்றுவிடும். விவாதத்தின் பெரிய குறை இடம் இல்லாததுதான். நாற்பது பேர் பெயர் கொடுத்தால் பள்ளி அணிக்குப் போவது மூன்று பேர், கூடினால் ஐந்து பேர். மற்றவர்கள் பார்வையாளர்கள் ஆகிவிடுகிறார்கள்.

அறிவியல் கண்காட்சியில் இதற்கு நேர்மாறு. இடம் நிறைய உண்டு, தவறுதான் தாமதமாகத் தெரியும். இருட்டில் வைத்த விதைகள் குட்டையாகத்தான் வளரும் என்ற எதிர்பார்ப்போடு ஒரு மாணவன் சோதனை செய்தான். இருட்டில் இருந்த முளைகள் வெளுத்துப்போய், ஆனால் வெளிச்சத்தில் இருந்தவற்றைவிட நெட்டையாக நின்றன. "தப்பா வந்துடுச்சு மிஸ், வேற செய்யட்டுமா?" என்றான். தவறே இல்லை. வெளிச்சத்தைத் தேடி முளை தண்டை நீட்டுகிறது, பச்சையம் உருவாவதற்கு ஒளி கிடைக்காததால் வெளுக்கிறது. அவன் எதிர்பார்த்ததைவிடச் சுவையான விஷயம் கையில் கிடைத்திருந்தது. உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பக்கத்துக்கு மூன்று விதைகள்தான் போட்டிருந்தான். அதில் ஒன்று சொத்தையாக இருந்தால்கூடக் கணக்கு கவிழ்ந்துவிடும். முப்பது விதைகளோடு மறுபடி செய்யலாம் என்றால் கண்காட்சிக்கு நாலு நாள்தான் இருந்தது.

அவனுக்குக் கொடுத்த அவகாசம் மூன்று வாரம். அந்தத் தவறு எங்களுடையது. சோதனையைக் குறைந்தது ஒருமுறை திரும்பச் செய்ய நாள் வேண்டும், அதற்கு மூன்று மாதமாவது ஆகும். நாள் குறைந்தால் பிள்ளைகள் சோதனையை விட்டுவிட்டு மாதிரி செய்யப் போய்விடுகிறார்கள். சமையல் சோடாவும் வினிகரும் பொங்கும் எரிமலை கண்ணுக்கு அழகுதான், ஆனால் அதில் கேள்வி எதுவும் இல்லை. வீட்டுப் பெரியவர்களின் கையும் அப்போதுதான் உள்ளே வருகிறது. அட்டை பளபளவென்று இருக்கும், "இதை ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்டால் பிள்ளை அம்மாவைத் திரும்பிப் பார்க்கும். 1950இல் பிலடெல்பியாவில் தொடங்கிய சர்வதேச அறிவியல் பொறியியல் கண்காட்சியில் நடுவர்கள் மாணவரிடமே நேரில் கேள்வி கேட்கிறார்கள். பள்ளி அளவிலும் அந்த ஐந்து நிமிடக் கேள்வி நேரத்தை வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

நாடகத்துக்கு வருகிறேன். பக்கச்சார்பு இருப்பதை மறைக்கவில்லை, முதல் தடவை சேருகிற பிள்ளைக்கு நான் சொல்வது இதைத்தான். முக்கால் மணி நேர நாடகத்தில் மேடையில் பத்துப் பேர் என்றால், விளக்கு, ஒலி, உடை, ஒப்பனை, மேடைப் பொருள், திரை என்று பின்னால் இருபது பேருக்கு வேலை இருக்கும். முதல் வாரம் உட்கார்ந்து வாசிப்பு, பிறகு எழுந்து நின்று, பிறகு ஸ்கிரிப்ட் இல்லாமல், கடைசியில் விளக்கும் உடையும் சேர்த்து முழு ஒத்திகை. இன்று சொதப்பிய இடத்தை நாளை மறுபடி செய்யலாம், கூட நிற்கிறவர்களும் அதே இடத்தில் சொதப்பியிருப்பார்கள். தவறுக்கு இவ்வளவு இடம் கொடுக்கிற நிகழ்ச்சி பள்ளியில் வேறு கிடையாது.

வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவிக்கு வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலை தந்திருந்தோம். ஐந்தாவது வாரம், "அந்த 'மட்டும்'ங்கிற வார்த்தையை நீ விட்டுடுற, அதனால அவன் சொல்ற பதிலுக்கு அர்த்தமே இல்ல" என்று கதாநாயகனை நிறுத்தினாள். அவள் குரல் அறையின் கடைசிவரை கேட்டதை அன்றுதான் பார்த்தேன். மொத்த ஸ்கிரிப்டும் அவள் தலைக்குள் இருந்தது.

நாடகத்திலும் கசப்பு உண்டு. ஒருவர் வராவிட்டால் அத்தனை பேரின் மாலையும் வீண். முக்கிய வேடம் ஆண்டுதோறும் அதே இரண்டு பேருக்குப் போவதும் நடக்கிறது, அதைப் பொறுப்பாசிரியர்தான் தடுக்க வேண்டும். எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று மாலை என்பது பொதுத்தேர்வு எழுதும் வகுப்புக்குப் பாரம். அவர்களுக்கு விவாதம்தான் சரி, மூன்று வார உழைப்பில் ஏதாவது கையில் நிற்கும். ஒரு கேள்வி மனதில் அரித்துக்கொண்டே இருக்கிற பிள்ளை மட்டும் எந்த வகுப்பில் இருந்தாலும் கண்காட்சிக்கே போகட்டும், ஆனால் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் விடுமுறையிலேயே தொடங்க வேண்டும்.

பெயர் கொடுக்கும் முன் பொறுப்பாசிரியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். நிகழ்ச்சிக்கு முன் எத்தனை முறை செய்து பார்ப்போம்? தேர்வாகாதவர்களுக்கு என்ன வேலை? இரண்டாவதற்கு "வந்து கைதட்டலாம்" என்று பதில் வந்தால், அடுத்த மேசைக்குப் போய்க் கேளுங்கள்.